விரல் இல்லாத சைலஸ்

எங்கள் ஆலை வாசலில் ஒரு வாத்துக்குஞ்சு இடுப்பை மடித்துக் குனிந்தபடி நிற்கும். இடுப்புயரத் தகடு. மஞ்சள் வாத்து, வெள்ளை ஹெல்மெட், இரண்டு கன்னத்திலும் ரோஸ் வட்டம். 'காலைத் துடைத்துக்கொண்டு வாங்களேன், ப்ளீஸ்!' என்று ஆங்கிலத்தில் கொஞ்சும்.

ஜெயசெல்வி அதன் முன்னால் ஒரு கணம் நின்றாள். காலைத் துடைக்கவில்லை. பூட்ஸில் ஒட்டியிருந்த பனியோடு அப்படியே உள்ளே நடந்தாள்.

"வாங்கண்ணா, சீக்கிரம் பாத்துட்டுப் போயிரலாம். குழந்த ஆஷ்லிய பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன்."

தொண்ணூற்றெட்டு டிசம்பர். அமெரிக்காவில் எங்கள் பிஸ்கட்டவே ஊரில் சாயங்காலம் பிறப்பதற்குள்ளேயே வெளிச்சம் கடையைக் கட்டிவிடுகிற மாதம். நான்தான் அவளைப் பக்கத்து ஊரான எடிசனிலிருந்து என் காரில் அழைத்து வந்தேன். என் பெயர் சேனாபதி. எனக்குக் கீழே சேனையெல்லாம் கிடையாது. பாக்கிங் பிரிவில் இரண்டு லேபிள் மெஷின்கள், அவையும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஜெயசெல்வி ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். அவள் வீட்டுக்காரன் சைலஸ், நாசரேத்துக்காரன், எங்கள் ஆலையில் பிளெண்டர் ஆபரேட்டராக இருந்தான். அக்டோபரில் அந்த பிளெண்டரிலேயே செத்துப்போனான்.

அவன் செத்த அறையின் சுவரில் அன்று அவனுக்கு நினைவுத் தகடு திறக்கப் போவதாகச் சொல்லி அவளை அழைத்திருந்தார்கள். தகட்டில் என்ன இருக்கும் என்று சொல்லவில்லை. சர்ப்ரைஸாம்.

ஆலை என்றதும் புகைக்கூண்டு, சங்கு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். குழந்தைகள் கடித்துத் தின்னும் வைட்டமின் மாத்திரை செய்கிற இடம். ரோஸ் நிறம், ஸ்ட்ராபெரி வாசனை. அந்த வாசனை சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், கார் சீட்டில் குடியேறி வாடகை தராமல் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜப்பான் கம்பெனி எங்களை வாங்கியது. உடனே எங்கள் வைஸ் பிரசிடென்ட் அனந்தராமன் அங்கே ஒரு சுற்றுப்பயணம் போனார். போகும்போது மேனேஜராகப் போனவர், ஞானியாகத் திரும்பி வந்தார்.

வந்ததும் எங்களையெல்லாம் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்காரவைத்து ஸ்லைடு போட்டார். ரயில் கதவில் கை மாட்டி அழுகிற கரடிக்குட்டி. ரோடு தோண்டுகிற இடத்தில் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று குனிகிற பொம்மைத் தொழிலாளி. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பொம்மை, வரி ஆபீஸுக்கு ஒரு பொம்மை.

"அந்த ஊர்ல ஜனங்களுக்குக் கோபமே வராது. ஏன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நாங்கள் ஏந்திக்கொள்ள வசதியாக ஒரு இடைவெளி விட்டார். "க்யூட்னெஸ்! க்யூட்டா இருக்கற ஒண்ணு மேல மனுஷனால கோபப்பட முடியாது, சேனா. அது சயன்ஸ்."

அங்கே ரோட்டைச் சுற்றி வேலி போட்டு, விளக்கு வைத்து, வழிகாட்ட ஒரு ஆளையும் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் பொம்மை குனிகிறது. அந்த வேலியும் ஆளும் அவர் கேமராவில் விழவில்லை. பொம்மை விழுந்தது. அதைச் சுருட்டி சூட்கேஸில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வாத்துக்கு 'டக்கி-சான்' என்று பெயரும் வைத்தார்; 'சான்' என்பது ஜப்பானில் பெயரோடு சேர்க்கிற மரியாதைச் சொல். அந்தப் பெயரைக் கேட்ட ஜப்பான்காரர்கள் மரியாதை கருதி இருமினார்கள்.

ஒரே மாதத்தில் ஆலை நர்சரிப் பள்ளி ஆகிவிட்டது. தீயணைப்பு சிலிண்டருக்குக் கன்னக்குழி விழுந்தது. டாய்லெட் பேப்பருக்குக் கண்ணிமை முளைத்தது. அமில டிரம்மில் இருந்த மண்டையோட்டுக்குத் தலையில் ரிப்பன், கன்னத்தில் ரோஸ் வட்டம். விஷம்கூட எங்களிடம் வெட்கப்பட்டது. இது விளையாட்டில்லை சார் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, எனக்கு நெகட்டிவ் எனர்ஜி என்று பெயர் கிடைத்தது.

இப்போது பிளெண்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கட்டில் அளவுத் தொட்டி. உள்ளே சுருள் சுருளாக இரும்புத் தகடு சுற்றி மாவைக் கலக்கும். மேலே ஒரு மூடி. மூடியைத் திறந்தால் தகடு நின்றுவிட வேண்டும். அதற்கென்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அந்த ஸ்விட்ச் அக்டோபரில் மக்கர் செய்தது. மூடி மூடியிருக்கும்போதே மெஷின் நின்று நின்று போயிற்று. கிறிஸ்மஸ் ஆர்டர் தலைக்கு மேல். அனந்தராமன் அந்த ஸ்விட்சைக் கம்பியால் கட்டிப்போடச் சொன்னார். கட்டினால் மூடி திறந்தாலும் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக மூடி மேல் ஒரு படம் ஒட்டினார்கள். சிறகில் பேண்டேஜ் கட்டிய டக்கி-சான். 'ஐயோ! கை பத்திரம்!'

கட்டியது முந்தின ஷிப்ட். காலையில் வந்த சைலஸிடம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. படம்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். மாவு கட்டி தட்டியிருந்தது. மூடியைத் திறந்து, கட்டியை உடைக்கக் கையை விட்டான். திறந்தால் நிற்கும் என்று வருடக்கணக்காகப் பழகிய கை அது. மாவுக்கு அடியில் தகடு சுற்றுவது மேலே தெரியாது. சத்தமும் பக்கத்து மெஷின்களின் சத்தத்தில் கலந்துவிடும்.

அலறல் கேட்டு முதலில் ஓடியவன் நான். கம்பியைக் கண்ணால் பார்த்தேன். விபத்தை விசாரிக்க வந்த அரசாங்க இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தபோது அங்கே கம்பி இல்லை. புத்தம்புது ஸ்விட்ச் பளபளத்தது. ரிப்போர்ட்டில் ஒரே வரி: ஆபரேட்டர் எச்சரிக்கைப் படத்தைக் கவனிக்காமல் கை வைத்தார்.

"அந்த ஒரு வரிய மாத்தினா போதும்ணா," என்று காரில் வரும்போதே ஜெயசெல்வி சொன்னாள். "வேற ஒண்ணும் வேணாம். ஆஷ்லி வளந்து கேப்பா. உங்கப்பா கவனிக்காம செத்துட்டாருன்னு நான் சொல்லணுமா? அரிசி களையும்போதுகூட கல்லு இருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கற மனுஷன்."

பிளெண்டர் அறையில் கூட்டம் கூடியிருந்தது. மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். சுவரில் ஒரு நீலத் துணி. பக்கத்தில் ஜப்பான் தலைமை ஆபீஸிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் ஹயாஷி, கைகளை முன்னால் கோர்த்து நின்றார். அனந்தராமன் கழுத்தில் டக்கி-சான் படம் போட்ட டை.

"மிஸஸ் சைலஸ், வாங்கோ வாங்கோ. யூ வில் லவ் இட்," என்று துணியை இழுத்தார்.

கைதட்டினார்கள்.

தகட்டில் சைலஸ் இருந்தான்.

பூசணிக்காய் மாதிரித் தலை. ஹெல்மெட். தட்டுத் தட்டாகக் கண்கள். அவனுடைய அடர்ந்த மீசை இரண்டு கோலப்புள்ளியாகச் சுருங்கியிருந்தது. கன்னத்தில் ரோஸ் வட்டம். ஒரு சாண் உடம்பை மடித்துக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். கீழே எழுத்து: 'நான் சைலஸ்-சான்! நான் பார்க்காமல் கை வைத்துவிட்டேன், ஸாரி! நீங்கள் பார்த்து வையுங்கள், ப்ளீஸ்!'

ஜெயசெல்வி கிட்டே போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கை எங்க?" என்றாள்.

கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு உருண்டை இருந்தது. கொழுக்கட்டை மாதிரி.

"அதான் ஸ்டைல், மிஸஸ் சைலஸ். விரல் போட்டா க்ரீப்பியா ஆயிடும். விரல் இல்லேன்னாதான் க்யூட்."

"அவருக்கு விரல் இருந்துச்சு சார்."

"அஃப் கோர்ஸ், அஃப் கோர்ஸ்."

"அவர் பாத்துதான் வச்சார். இதை எடுங்க."

"மிஸஸ் சைலஸ், திஸ் இஸ் ஹிஸ் லெகஸி. போர்டு அப்ரூவ் பண்ணியாச்சு. இதைப் பாத்து எத்தனை பேர் உயிர் பிழைப்பா, யோசிச்சுப் பாருங்கோ."

"எடுங்கன்னேன்."

அவர் புன்னகை செய்தார். அழுகிற குழந்தையிடம் செய்கிற புன்னகை. அப்புறம் ஜாடை காட்டினார். கேக் வந்தது. கேக் மேலும் சைலஸின் முகம். ரோஸ் க்ரீமில் கன்னம். அனந்தராமன் ஒரு கன்னத்தை அளவாக வெட்டித் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார். "ஃபர்ஸ்ட் பீஸ் உங்களுக்குத்தான்."

நான் அந்தத் தட்டை வாங்கிக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தேன். நெகட்டிவ் எனர்ஜி.

ஹயாஷி மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். "அனந்தராமன்-சான், விபத்து நடந்த அன்று இருந்த ஸ்விட்ச் எங்கே?"

"அது... பழசு. தூக்கிப் போட்டாச்சு. பட் தி சைன் வாஸ் தேர்! படம் இருந்தது!"

"எங்களிடம் முதலில் ஸ்விட்ச்," என்றார் ஹயாஷி. "படம் அப்புறம்." கொஞ்சம் யோசித்து, "எப்போதும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அப்படி இருக்க வேண்டும்," என்றார். பிறகு தகட்டுக்கு நேராக நின்று ஆழமாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஓரடி பின்னால் வைத்தார்.

கூட்டம் கலைந்தது. ஜெயசெல்வி தகட்டின் மேல், அந்த உருண்டையின் மேல், உள்ளங்கையை வைத்தாள்.

"அண்ணா," என்று கிசுகிசுத்தாள். "சூடா இருக்கு."

நான் தொட்டுப் பார்த்தேன். டிசம்பர் மாதத்து இரும்புத் தகடு. காய்ச்சல்காரன் கை மாதிரிக் கொதித்தது.

பின்னால், மெயின் ஸ்விட்சே அணைத்திருந்த பிளெண்டருக்குள், எதுவோ ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

கடக்.

மறுநாள் காபி எடுக்கப் போகிற வழியில் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். வலது உருண்டையின் ஓரத்தில் ஒரு சின்ன மொட்டு. பெயின்ட் குமிழி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் அது நீண்டிருந்தது. அதற்கடுத்த நாள் அதில் நகம் இருந்தது.

மற்றதெல்லாம் பொம்மைப் படம். தட்டையான நிறம், தடித்த கறுப்புக் கோடு. அந்த விரல் மட்டும் பொம்மை இல்லை. மாநிறம். கணுவில் சுருக்கம். நகத்துக்கு அடியில் ரோஸ் மாவு.

வாரக் கடைசியில் வலது கையில் ஐந்தும் வந்துவிட்டன. சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் ஜெயசெல்விக்கு போன் செய்தேன். ஒன்றும் சொல்லாமல், சைலஸின் சுண்டு விரல் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"வளைஞ்சிருக்கும். காலேஜ்ல வாலிபால் ஆடி ஒடிச்சிக்கிட்டது. ஏன்ணா?"

நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அனந்தராமன் கத்தினார். "எவனோ மார்க்கர்ல கிறுக்கியிருக்கான்! திஸ் இஸ் வாண்டலிசம்!" பெயின்டரை வரவழைத்து, தானே பக்கத்தில் நின்று, விரல்கள் மேல் வெள்ளை அடிக்கச் சொன்னார். பெயின்டர் அடித்தான். வெள்ளை ஈரமாக இருக்கும்போதே அதற்குள்ளிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, மாவுத் தொட்டியிலிருந்து எடுக்கிற கை மாதிரி. பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுப் போனவன், கூலி வாங்கக்கூட வரவில்லை.

அன்றைக்குத்தான் விரல்கள் அசைந்ததை நான் பார்த்தேன்.

நான்கு மடங்கின.

ஒன்று நீண்டது.

கதவைக் காட்டியது.

கதவுக்கு வெளியே, காரிடாரில், தீயணைப்பு சிலிண்டர் பக்கத்தில் ஒரு டக்கி-சான் இருக்கும். அதன் மஞ்சள் சிறகின் நுனியில் ஒரு விரல் முளைத்திருந்தது. மனித விரல். அதுவும் காட்டியது. காரிடார் நெடுக.

யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்க ஆபீஸ்களில் பேய் வந்தால்கூட, அதற்கென்று ஒரு கமிட்டி போடுகிற வரைக்கும் அது வரவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் எல்லோரும் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள். ஸ்ட்ராபெரி வாசனை தடித்தது. இனிப்பு கருகுகிற வாசனை அது.

அனந்தராமன் கையுறை போட ஆரம்பித்தார். கறுப்புத் தோல் கையுறை, கட்டடத்துக்கு உள்ளேயும். குளிர் என்றார். கேன்டீனில் தினமும் எங்கள் முன்னால் குச்சியால் சோறு சாப்பிட்டு நாகரிகம் கற்பிப்பவர், அந்த வாரம் அறையைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை. யார் போய் என்ன சொன்னாலும் சிரித்தார். சிரித்த பிறகும் அந்தச் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் ஜெயசெல்வி தனியாகவே வந்தாள். நர்ஸ் உடுப்பு, மேலே கோட்டு. வாசலில் வாத்தின் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் போனேன். அவள் வாத்தைக் காட்டினாள்.

குனிந்த வாத்தின் சிறகிலிருந்து சைலஸின் விரல் நீண்டு உள்ளே காட்டியது.

"இவர்தான்," என்றாள். "போன்ல நீங்க கேட்டப்பவே தெரியும். எங்கயோ கூப்பிடறார். வாங்க."

"வேண்டாம்மா. எனக்கு இது சரியாப் படல."

"உங்களுக்கு பயமா இருந்தா இங்கயே நில்லுங்க. எனக்குப் பயப்பட நேரமில்ல."

போனோம்.

டைம் கார்டு அடிக்கிற இடத்தில் ஒரு விரல். இடது பக்கம்.

டாய்லெட் பேப்பரின் கண்ணிமைக்குக் கீழே ஒரு விரல். நேராக.

அமில டிரம். ரிப்பன் கட்டிய மண்டையோட்டின் வாய்க்குள்ளிருந்து ஒன்று. மாடிப்படி.

அந்த ஆலையில் இத்தனை வருடமாக எந்தப் படமும் செய்யாத வேலையை அவை செய்தன. வழி காட்டின.

மாடியில் விளக்குகள் மங்கி எரிந்தன. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது; மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருந்தது. கடைசிப் படம் அனந்தராமனின் அறைக் கதவில். 'தட்டிவிட்டு வாங்களேன்!' என்கிற டக்கி-சான். அதன் விரல் கதவில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து அல்ல. படத்திலிருந்து.

டக். டக். டக்.

ஜெயசெல்வி தட்டாமல் திறந்தாள்.

உள்ளே ஹயாஷி உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அந்தப் பழைய ஸ்விட்சைப் பற்றி மறுபடி கேட்க வந்திருந்தார் போலும். எதிரே மேஜைக்குப் பின்னால் அனந்தராமன். கைகள் மேஜைக்குக் கீழே. கன்னங்கள் இரண்டும் சிவந்து, வட்டமாக, யாரோ பவுடர் பஃபால் ஒற்றியது போல இருந்தன. சிரித்துக்கொண்டிருந்தார்.

"கையை மேல எடுங்க சார்," என்றாள்.

"ஐ ஆம் இன் எ மீட்டிங், மிஸஸ் சைலஸ்."

"எடுங்க."

"சேனா, ப்ளீஸ் எஸ்கார்ட் ஹர்—" சிரிப்பு மாறவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

"அனந்தராமன்-சான்," என்றார் ஹயாஷி. "தயவுசெய்து."

கைகள் மேலே வந்தன.

கறுப்புக் கையுறைகள். அவற்றின் விரல்கள் பத்தும் காலியாகத் தொங்கின. காற்று இறங்கிய பலூன் மாதிரி.

ஜெயசெல்வி கிட்டே போய், ரத்தம் எடுக்கப் போகிற நோயாளியின் கையைப் பிடிக்கிற பழக்கத்தோடு, ஒரு கையுறையின் நுனியைப் பிடித்து உருவினாள். உள்ளே ஒரு உருண்டை. வழவழப்பாக. ரேகை இல்லை, நகம் இல்லை, தழும்புகூட இல்லை. கொழுக்கட்டை மாதிரி.

ஹயாஷி தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார்.

அப்போது அனந்தராமனின் இடுப்பு மடிந்தது. அவர் மடக்கவில்லை, மடிந்தது. நெற்றி மேஜையில் இடித்தது. நிமிர்ந்தார். சிரித்தார். மறுபடி மடிந்தார்.

"நான்தான் கட்டச் சொன்னேன்," என்றார். குழந்தைகள் நிகழ்ச்சியில் பேசுகிற மாதிரிக் கீச்சுக்குரல். "ஸாரி! கம்பியால கட்டச் சொன்னேன். ஸாரி! சைலஸுக்கு யாரும் சொல்லல. ஸாரி! திறந்தா நிக்கும்னு நம்பித்தான் கை வச்சான். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள கம்பிய எடுக்கச் சொன்னதும் நான்தான். ஸாரி! ஸாரி!"

ஒவ்வொரு ஸாரிக்கும் நெற்றி மேஜையில் மோதியது. தோல் கிழிந்தது. சிரிப்பு கிழியவில்லை. நான் பிடிக்கப் போனேன். ஜெயசெல்வி கையை நீட்டி என்னைத் தடுத்தாள். நோயாளிக்கு வலித்தால் தனக்கு வலிக்கிற மாதிரி முகம் சுளிக்கிறவள் அவள். அன்று அந்த முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். "மெதுவா. அவருக்குப் புரியணும். இங்கிலீஷ்ல சொல்லுங்க."

அவர் ஹயாஷியைப் பார்த்து முதலிலிருந்து சொன்னார்.

ரிப்போர்ட் மாறியது. அதை ஹயாஷி பார்த்துக்கொண்டார். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டரை மறுபடி வரவழைத்து, தானே உட்கார்ந்து சொன்னார். ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று எழுத்தில் வந்தது. டக்கி-சான்கள் எல்லாம் குப்பை லாரியில் ஏறின. மண்டையோடு ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பழையபடி மண்டையோடாக ஆனது. அனந்தராமனுக்கு டாக்டர்கள் வாயில் நுழையாத ஒரு நரம்புக் கோளாறின் பெயரைச் சொன்னார்கள். டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவில், மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒவ்வொரு கதவைக் கண்டாலும் குனிகிறாராம். அந்தப் பக்கம் கதவுகள் ஏராளம். புதுப்புது வீடாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள்.

சைலஸின் தகட்டை மட்டும் ஹயாஷி தன் கையால் கழற்றினார். கழற்றிக் குப்புற வைத்திருந்ததை, துணியில் சுற்றி ஜெயசெல்வியிடம் கொடுக்கலாம் என்று திருப்பினோம்.

எழுத்து இருந்தது. ஹெல்மெட் நிழல் இருந்தது.

நடுவில் வெறும் வெள்ளை.

"எங்கே?" என்றார் ஹயாஷி. அறையில் ஸ்ட்ராபெரி வாசனை கொஞ்சம்கூட இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து கொஞ்ச நேரத்தில், ஜெயசெல்வி போன் செய்தாள். மெல்லிய குரல். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"அண்ணா, அவர் வந்திருக்கார்."

நான் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எங்கம்மா?"

"சமையல்கட்டுல. நாங்க சர்ச்லேர்ந்து வந்தப்ப உக்காந்திருந்தார். ஆஷ்லிக்குத் தலை பின்னிவிட்டுட்டிருக்கார். எப்பவும் அவர்தானே பின்னுவார், எனக்கு ஷிப்ட் இருக்குமே."

"கை...?"

"ரெண்டும் இருக்குண்ணா. பத்து விரலும். சுண்டு விரல் வளைஞ்சு, அப்படியே." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அழகாப் பின்னறார்."

லைனில் ஒரு சீப்பு இழுபடும் சத்தம். ஆஷ்லியின் குரல் கேட்டது, கலகலவென்று.

"டாடி, யூ ஆர் சோ க்யூட்!"

"ஜெயா," என்றேன். "முகம்?"

"முகம் அவங்க வரைஞ்சதுதான்ணா." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவ்வளவு பெரிய தலை. சின்னக் கதவுல எப்படி உள்ள வந்தார்னு தெரியல. ரெண்டு பக்கமும் ரோஸ் கலர். கண்ணு மூடவே மாட்டேங்குது. கைய திருப்பி வாங்கிட்டார். முகத்தை நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அப்போது அந்தப் பக்கம் மேஜையில் எதுவோ கனமாக இடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடித்தது. மறுபடி.

ஜெயசெல்வி போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவது கேட்டது.

"குனியாதீங்க. போதுங்க, குனியாதீங்க... நீங்க எதுக்குக் குனியறீங்க?"